சுவரும் மண்ணும் நூலும்: சாந்திநிகேதன் முதல் பரோடா வரை ஒரு கல்வி வரலாறு

படிமம் சமைக்கும் கலையைக் கற்றுத் தருமாறு வஜ்ரன் என்னும் அரசன் மார்க்கண்டேய முனிவரை வேண்டிய செய்தி, விஷ்ணுதருமோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் வருகிறது. ஓவியம் அறியாதவனுக்குப் படிமக்கலை விளங்காது என்கிறார் முனிவர். அவ்வாறாயின் ஓவியத்தைக் கற்பியுங்கள் என்கிறான் அரசன். கூத்து அறியாதவனுக்கு ஓவியம் கைவராது என்று விடை வருகிறது. கூத்துக்குக் கருவியிசை வேண்டும். கருவியிசைக்கு வாய்ப்பாட்டு வேண்டும். பாட்டைச் சொல்லத் தொடங்கும் முனிவர், மொழிக்கும் உரைநடைக்கும் யாப்புக்கும் வந்து சேர்கிறார். கல்லுளி ஏந்த வந்தவன் எழுத்தும் சொல்லும் கற்க வேண்டியவனாகிறான்.

இதற்கு இணையானதொரு காட்சி நம் சிலப்பதிகாரத்திலும் உண்டு. மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். அவளை ஆளாக்கியவர் ஆடலாசான் ஒருவர் மட்டும் அல்லர். இசையாசான், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் ஆகியோரோடு கவிஞனும் அந்த ஆசிரியர் குழுவில் இடம்பெறுகிறான் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு கலையைக் கற்க அதன் உடன்பிறந்த கலைகளையும் கற்க வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுக்குப் புதியதன்று.

ஆயினும் இக்கொள்கை நவீனப் பல்கலைக்கழகத்தின் வாயிலில் நெடுங்காலம் நிறுத்திவைக்கப்பட்டது. இலக்கியமும் மெய்யியலும் உள்ளே அமர்ந்திருந்தன. தூரிகையும் உளியும் தறியும் வெளியே நின்றன. அவை உள்ளே வந்த வரலாற்றையும், வந்தபோது பெற்றதையும் இழந்ததையும், சாந்திநிகேதனின் கலாபவனம், பரோடாவின் கவின்கலைப் புலம் என்னும் இரு நிறுவனங்களின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கவிஞர்கள் கூடும் ஒரு வட்டத்தின் மலரில் ஓவியக் கல்வியின் வரலாறு எதற்கு என்று வினவுவார்க்கு மேற்கண்ட இரு நூல்களும் முன்னரே விடை தந்துவிட்டன.

கைத்தொழில் ஒருபுறம், கவின்கலை ஒருபுறம்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிறுவப்பட்ட கலைப்பள்ளிகளுள் காலத்தால் முற்பட்டது சென்னைப் பள்ளி. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் அதனைத் தொடங்கினார். கல்கத்தாவில் 1854இலும் பம்பாயில் 1857இலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. இந்தியக் கைவினைஞர்க்கு வரைதலும் அளவையும் கற்பித்துச் சந்தைக்கேற்ற பொருள்களைச் செய்விப்பது இவற்றின் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. சென்னைப் பள்ளியின் பட்டறையில்தான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலை வளர்க்கத் தலைப்பட்டார். இன்று நம் அடுக்களைகளில் எளிய பொருளாய்க் கிடக்கும் அலுமினியக் குண்டானுக்கும் ஒரு கலைப்பள்ளியின் வரலாற்றுக்கும் உறவு உண்டு என்பது வியப்பளிப்பதாகும்.

இப்பள்ளிகளில் பல பொருள்களில் வேலை நடந்தது உண்மையே. மரம், உலோகம், மண், துணி எல்லாம் அங்கே இருந்தன. ஆனால் அவை ஒருவர் கையிலேயே கூடவில்லை. மரவேலை கற்றவன் மரவேலைக்காரனாகவும், எண்ணெய் வண்ணம் கற்றவன் ஓவியனாகவும் வெளியேறினான். முன்னவனுக்குக் கூலியும் பின்னவனுக்குப் புகழும் உரியவை என்னும் பிரிவினை கூடவே வளர்ந்தது. கைத்தொழில் என்றும் கவின்கலை என்றும் பகுத்த அப்பகுப்பு, சாதியால் முன்னரே கூறுபட்டிருந்த ஒரு சமுதாயத்தில் எளிதாக வேர்கொண்டது.

சென்னைப் பள்ளியில் 1884 முதல் பணியாற்றிப் பின்னர் 1896இல் கல்கத்தா சென்ற ஈ. பி. ஹாவெல், மேலைநாட்டு வார்ப்புகளைப் பார்த்து வரையும் பயிற்சியை மறுத்து இந்திய மரபைப் பயிற்றுவிக்க முனைந்தார். அவருடன் இணைந்தவர் அவனீந்திரநாத் தாகூர். அவனீந்திரரிடம் பயின்றவர் நந்தலால் போஸ். காலனிப் பள்ளியின் வகுப்பறையிலிருந்து சாந்திநிகேதனுக்குச் செல்லும் வழி இவ்வாறு அமைந்தது.

கலாபவனம்

வங்கத்தின் வறண்ட செம்மண் மேட்டில் தேவேந்திரநாத் தாகூர் 1863இல் பெற்ற நிலமே சாந்திநிகேதன். அவர் மைந்தர் இரவீந்திரர் 1901இல் ஐந்து மாணவரைக் கொண்டு அங்கே ஒரு பள்ளி தொடங்கினார். கலாபவனம் 1919இல் உருவாயிற்று. விசுவபாரதி 1921இல் முறையாக நிறுவப்பட்டது. பல்கலைக்கழகம் ஒன்று பின்னர் ஓவியத்துறையைச் சேர்த்துக்கொண்டது என்பதன்று இங்குள்ள வரலாறு. கலைக்கூடம் முந்தியும் பல்கலைக்கழகம் பிந்தியும் பிறந்தன. ஒரு கவிஞர் அமைத்த கல்விக்கூடம் ஆதலின் இம்முறைமாற்றம் இயல்பாகவே நிகழ்ந்தது.

1922 அளவில் கலாபவனத்தின் பொறுப்பை ஏற்ற நந்தலால் போஸ் 1951 வரை அதனை நடத்தினார். அவர் வகுத்த கல்வியின் அடிப்படையை ஒரு சொல்லில் கூறுவதாயின், தேவை எனலாம். ஊடகங்கள் அங்கே பாடத்திட்டத்தின் அறைகளாக வரவில்லை. வசந்தவிழா வந்தது, தரையில் ஆல்பனா இட வேண்டியிருந்தது. இரவீந்திரரின் நாடகம் அரங்கேறியது. உடையும் திரையும் வேண்டியிருந்தன. மாணவர் விடுதி எழுந்தது. அதன் சுவர் வெறுமையாய் நின்றது. ஒவ்வொரு தேவையும் ஒரு பொருளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பொருளும் ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தது.

நம் கோலத்தைப் போன்று வங்கப் பெண்கள் முற்றத்தில் இடுவது ஆல்பனா. அதனைக் கலாபவனத்தில் கற்பித்தவர் சுகுமாரி தேவி. வீட்டு வாயிலில் விடியலில் இட்டு மாலைக்குள் மிதிபட்டு அழியும் கலையொன்று, ஓவியத்திற்கு நிகரான பாடமாக ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் ஏற்கப்பட்டது. ஒரு பெண்ணின் கைப்பழக்கம் ஆசிரியத் தகுதியாக மதிக்கப்பட்ட இந்நிகழ்ச்சி, இந்தியக் கல்வி வரலாற்றில் பெரிதும் பேசப்படாத புரட்சியாகும்.

இரவீந்திரர் 1927இல் சாவகம் சென்றபோது உடன் சென்றவர்களுள் ஓவியர் சுரேந்திரநாத் கர் ஒருவர். மெழுகால் துணியின் ஒரு பகுதியை மறைத்துச் சாயத்தில் தோய்க்கும் பாத்திக் கலை, இச்சாவகத் தொடர்பின் பயனாய்ச் சாந்திநிகேதனில் வேரூன்றியது. நந்தலாலின் மகளிர் கௌரி பஞ்சாவும் யமுனா சென்னும் இத்தகைய கலைகளில் தேர்ந்தவர்கள். அதே 1927இல் செய்ப்பூரிலிருந்து நரசிங்கலால் என்னும் கைவினைஞர் வரவழைக்கப்பட்டு, ஈரச் சுண்ணத்தில் தீட்டும் அந்நாட்டுச் சுவரோவிய முறையைக் கற்பித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத கொத்தனார் மரபினர் ஒருவர் முன் கலாபவனத்து ஓவியர்கள் மாணவராய் நின்றனர். வியன்னாவில் பயின்ற கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷும் அங்கே விரிவுரையாற்றினார். இக்கட்டுரையின் தொடக்கத்தில் சுட்டிய விஷ்ணுதருமோத்தரப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே.

1938இல் குசராத்தின் ஹரிபுராவில் காங்கிரசு மாநாடு கூடியபோது, காந்தியடிகளின் விருப்பப்படி நந்தலால் வரைந்தளித்த ஓவியத் தட்டிகள் புகழ்பெற்றவை. உழவன், தச்சன், முரசறைவோன், பால் கறப்பவள் எனச் சிற்றூர் மாந்தரையே அவர் தீட்டினார். எண்பதுக்கு மேற்பட்டவற்றைத் தாமே வரைய, மாணவர்கள் அவற்றைப் படியெடுத்துப் பெருக்கினர். மாநாட்டுக்கு வரும் உழவர் நடந்துசெல்லும் வழியில் அவை தொங்கின. பின்னர் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூலப்படியை அணிசெய்த பணியிலும் இதே குழு ஈடுபட்டது. ஊரார் நடக்கும் வழியிலிருந்து நாட்டின் சட்டநூல் வரை ஒரே பயிற்சி துணைநின்றது.

பொருள் கற்பித்த பாடம்

ஒவ்வொரு ஊடகமும் அதற்கே உரிய சிந்தனை ஒழுங்கு ஒன்றைக் கற்பிக்கிறது. ஈரச் சுண்ணச் சுவரோவியத்தை எடுத்துக்கொள்வோம். சுண்ணச்சாந்து ஈரமாக இருக்கும்போதே நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். சுண்ணம் காற்றுடன் வினைபுரிந்து இறுகும்போது வண்ணமும் சுவரின் உடலாகிவிடும். உலர்ந்தபின் திருத்த இயலாது. ஆகவே அன்றன்று தீட்டவேண்டிய அளவை முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். பாத்திக்கிலோ எது வெண்மையாக எஞ்ச வேண்டுமோ அதனையே முதலில் மறைக்கிறோம். இன்மையிலிருந்து உண்மைக்குச் செல்லும் சிந்தனை அது. வெண்பாவின் ஈற்றடியை முதலிற்கண்டு மேலே செல்லும் புலவர்க்கு இது புரியாததன்று.

கலாபவனத்தில் பயின்று அங்கேயே ஆசிரியராயிருந்த இருவர் இவ்வுண்மைக்குச் சான்றாவர். ஒருவர் ராம்கிங்கர் பைஜ். பாங்குராவில் நாவிதர் குடும்பத்தில் 1906இல் பிறந்து 1925இல் சாந்திநிகேதன் வந்தவர். வெண்கலம் வார்க்கப் பொருள்வசதி இல்லாத இடம் அது. அவர் இரும்புக்கம்பியால் கூடு கட்டி, சிமெண்டுடன் அவ்வூர்ச் செம்பூராங்கல் சரளையைக் கலந்து அப்பினார். 1938இல் உருவான 'சந்தால் குடும்பம்' இவ்வாறு பிறந்தது. காவடியில் குழந்தையைச் சுமந்து இடம்பெயரும் உழைக்கும் குடும்பத்தை, அக்குடும்பம் நடந்த மண்ணின் சரளையாலேயே அவர் வடித்தார். வறுமை இங்கே பொருளைத் தேர்ந்தது. அப்பொருள் படைப்பின் உட்பொருளையும் தீர்மானித்தது. அவரே எண்ணெய் வண்ணத்திலும் நீர்வண்ணத்திலும் வல்லவர், நாடகங்களையும் இயக்கியவர்.

மற்றவர் வினோதபிகாரி முகர்ஜி. பிறவியிலேயே கண்பார்வை குன்றியவர். 1946-47இல் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்காலப் பக்தர்களின் வாழ்க்கையை ஈரச் சுண்ணத்தில் தீட்டினார். முழு அளவில் படம் எழுதிச் சுவரில் படியெடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டுச் சுவரிலேயே நேராக வரைந்தார். நெசவாளரும் செருப்புத் தைப்பவரும் பாடகருமாகிய அப்பக்தர்கள் ஆற்றொழுக்காய்ச் செல்லும் அவ்வோவியம் இருபதாம் நூற்றாண்டின் பேரோவியங்களுள் ஒன்று.

அறுவை மருத்துவம் பயனளிக்காது போக, 1957 அளவில் அவர் பார்வையை முற்றிலும் இழந்தார். ஓவியம் ஒன்றையே கற்றவர் ஆயின் அவர் கலை வாழ்வு அத்துடன் முடிந்திருக்கும். அவரோ தாளை வெட்டியும் மடித்தும் ஒட்டியும் உருவம் சமைத்தார், மெழுகில் சிற்றுருக்கள் பிடித்தார், கல்லச்சில் வரைந்தார், கலாபவனத்தின் சுவருக்கு 1972இல் பீங்கான் ஓடுகளால் ஒரு சித்திரம் அமைத்தார். விரலால் தடவி அறியும் சிந்தனை அவரிடம் முன்னரே பயின்றிருந்தது. அவர் மாணவராயிருந்த சத்யஜித் ராய் அவரைப் பற்றிய ஆவணப்படத்தை 1972இல் எடுத்தார். 1940 முதல் 1942 வரை கலாபவனத்தில் பயின்ற ராயும், அட்டைப்பட வடிவமைப்பு, எழுத்துரு, இசை, திரைப்படம் எனப் பல துறைகளில் இயங்கியவர் என்பதை நினைவுகூரலாம்.

பல ஊடகங்களைக் கற்பது ஆழத்தைக் குறைக்கும், அகலத்தை மட்டும் கூட்டும் என்பார் கூற்றுக்கு வினோதபிகாரியின் வாழ்க்கையே மறுமொழி.

பரோடா: பட்டத்தின் வரவு

நாடு விடுதலை பெற்றபின் கேள்வி வேறு வடிவம் கொண்டது. ஆசிரமச் சூழலில் ஒரு கவிஞரின் நிழலில் வளர்ந்த கல்வியை, பட்டமும் ஊதியமும் துறைப்பிரிவும் கொண்ட பல்கலைக்கழகம் ஒன்றில் நிலைநிறுத்த இயலுமா?

பரோடாவின் மகாராசா சயாஜிராவ் பல்கலைக்கழகம் 1949இல் தோன்றியது. துணைவேந்தர் ஹன்சா மேத்தா. உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதற்கூற்றில் 'ஆடவர்' என்று மட்டும் நின்ற சொல்லை 'மனிதர்' என மாற்றச் செய்தவராக வரலாற்றில் இடம்பெற்றவர். 1950இல் அங்கே கவின்கலைப் புலம் அமைந்தது. ஓவியம், சிற்பம், பயன்பாட்டுக்கலை ஆகியவற்றோடு அச்சுக்கலையும், கலை வரலாறும் அழகியலும் அதன் துறைகளாயின. மார்க்கண்ட் பட் முதல் புலத்தலைவர். ஓவியத்துக்கு என். எஸ். பேந்த்ரே, சிற்பத்துக்கு ராம்கிங்கரின் மாணவர் சங்கோ சௌதுரி என ஆசிரியர் அமைந்தனர்.

அவ்வூரில் கலாபவன் என்னும் பெயரில் 1890இலேயே ஒரு தொழிற்கல்விக்கூடம் இயங்கியது. இந்தியத் திரைப்பட முன்னோடி தாதாசாகிப் பால்கேயும் அங்கே பயின்றவர். கீர்த்தி மந்திர் என்னும் அரசகுல நினைவகத்தின் சுவர்களில் 1939 முதல் 1946 வரை ஓவியம் தீட்டியவர் நந்தலாலே. ஆகவே சாந்திநிகேதனின் தூரிகை, பல்கலைக்கழகம் பிறக்கும் முன்பே பரோடாவின் சுவரைத் தொட்டுவிட்டது.

பரோடா தந்த பெரும்பேறு கலை வரலாற்றையும் கைப்பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தியதாகும். களிமண் பிசைந்த மாணவர் கைகழுவிவிட்டு வந்து அழகியல் விரிவுரை கேட்டார். கணக்காளராய்த் தகுதிபெற்ற பூபேன் கக்கர் 1960களின் தொடக்கத்தில் கலைத் திறனாய்வு பயில வந்து, நாட்டின் முதன்மை ஓவியருள் ஒருவரானார். குலாம் முகம்மது ஷேக் ஓவியராகவும் கலை வரலாற்றாசிரியராகவும் குசராத்திக் கவிஞராகவும் ஒருங்கே விளங்கினார். ஒரு கவிஞர் ஓவியராவதும், ஓவியர் வரலாறு எழுதுவதும் அங்கே வியப்புக்குரியன அல்ல.

கூத்துப்பறம்பில் பிறந்த ஒருவர்

இவ்விரு நிறுவனங்களையும் ஒரே வாழ்க்கையில் இணைத்தவர் கே. ஜி. சுப்பிரமணியன். வடமலபாரின் கூத்துப்பறம்பில் 1924இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றார். விடுதலைப் போராட்டத்தில் சிறைசென்றமையால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடியது. 1944இல் சாந்திநிகேதன் சென்று நந்தலால், வினோதபிகாரி, ராம்கிங்கர் மூவரிடமும் பயின்றார். ஆட்சியாளர் அடைத்த கதவு ஒரு பொருளியல் மாணவரை ஓவியராக்கியது.

1951இல் பரோடாவில் ஆசிரியரானார். இடையில் இலண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்றார். கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பு வகித்தார். நெசவாளர்களுடன் பழகிய அவ்வாண்டுகள் அவர் சிந்தனையை வடித்தன. கைவினை என்பது அருங்காட்சியகத்தில் காக்கப்படும் எச்சமன்று, இன்றும் பேசப்படும் மொழி என்பது அவர் கொள்கை. அம்மொழிக்கு இலக்கணமும் உண்டு, வழக்கும் உண்டு.

1961இல் பரோடாவில் தொடங்கிய கவின்கலைச் சந்தை இக்கொள்கையின் செயல்வடிவம். ஆசிரியரும் மாணவரும் துறைவேறுபாடின்றி மரத்தாலும் துணியாலும் மணியாலும் பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் செய்து மக்களுக்கு விற்றனர். புலத்தலைவர் பொம்மைக்கு மூக்கு ஒட்டும் காட்சியைப் பல்கலைக்கழக வரலாற்றில் வேறெங்கு காண இயலும்? சாந்திநிகேதனில் விழா செய்த பணியைப் பரோடாவில் சந்தை செய்தது. பாடத்திட்டம் பிரித்த துறைகளைத் தேவை மீண்டும் ஒன்றுசேர்த்தது.

இலக்னோவின் இரவீந்திராலய முகப்பில் 1963இல் அவர் அமைத்த சுடுமண் சுவர்ச்சிற்பம், இரவீந்திரரின் 'இருட்டறை அரசன்' நாடகத்தைத் தழுவியது. நாடகச் சொல் மண்ணாகி, நெருப்பில் வெந்து, கட்டடத்தின் முகமாயிற்று. பின்னாளில் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டும் முறையிலும் அவர் பெரிதும் ஈடுபட்டார். நம் தஞ்சைப் பகுதியிலும் பண்டு வழங்கிய முறை இது. வழக்கமான ஓவியத்தில் இறுதியில் இடும் கண்ணும் நகையும் இங்கே முதலில் வந்துவிடும். பின்னணி கடைசியில் வரும். சிந்தனை தலைகீழாய் நடக்க வேண்டும். 1980இல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராய்த் திரும்பியவர், அங்கே வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் புறச்சுவர்களில் கறுப்பு வெள்ளையில் தாம் தீட்டிய ஓவியத்தை 2009இல், 85ஆம் அகவையில், புதிதாய்த் தீட்டினார். 2016இல் பரோடாவில் மறைந்தார்.

வினோதபிகாரியின் மகள் மிருணாளினி முகர்ஜி பரோடாவில் ஓவியமும், சுப்பிரமணியனிடம் சுவர்க்கலையும் பயின்றவர். கயிறு திரிக்கும் நாரை முடிச்சிட்டு முடிச்சிட்டு ஆளுயரத் தெய்வ வடிவங்களை எழுப்பினார். நெசவா சிற்பமா என்று வகைப்படுத்த இயலாமையால் திறனாய்வாளர் நெடுங்காலம் தயங்கினர். பின்னர்ச் சுடுமண்ணுக்கும் வெண்கலத்துக்கும் சென்றார். தந்தையின் கல்வியும் ஆசிரியரின் கல்வியும் ஒரு பெண்ணின் விரல்முடிச்சில் கூடியதை, 2015இல் அவர் மறைந்த பின்னரே உலகம் முழுமையாக உணரத் தலைப்பட்டது.

பெற்றதும் இழந்ததும்

இனி இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் காணுதல் வேண்டும். பட்டம் வந்தபோது கலைஞனுக்கு ஊதியமும் மதிப்பும் வந்தன. நாவிதர் வீட்டுப் பிள்ளையும் நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் பேராசிரியராகும் வழி திறந்தது. பெண்கள் தயக்கமின்றி உளியேந்தினர். இவை சிறுபேறுகள் அல்ல.

ஆனால் பட்டத்துடன் நுழைவுத் தகுதியும் வந்தது. 1927இல் செய்ப்பூரிலிருந்து வந்த நரசிங்கலால் இன்று வந்தால், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த ஊதியத்தில் ஆசிரியராக அமர முடியும்? சுகுமாரி தேவியின் ஆல்பனாவுக்கு எந்த விதியின்கீழ் ஊதியம் வழங்க முடியும்? கைவினையைப் பற்றி ஆய்ந்தவர்க்கு இருக்கை உண்டு; கைவினைஞர்க்குக் கண்காட்சி நாளில் ஒரு பாய் உண்டு. பல்கலைக்கழகம் கலையை உள்ளே அழைத்துக்கொண்டு கலையின் முதல் ஆசிரியரை வாயிலில் நிறுத்திவிட்டது என்று கூறுதல் மிகையாகாது.

இன்னொன்றும் உண்டு. தேர்வு என்பது பல்கலைக்கழகத்தின் தனியுரிமை. மாணவன் தன் படைப்பைத் தேர்வாளர் முன் வைப்பதற்குரிய காப்பிடம் அது. 2007 மே மாதத்தில் பரோடாவில், தேர்வுக்காக வைக்கப்பட்டிருந்த மாணவர் படைப்புகள் தங்கள் சமய உணர்வைப் புண்படுத்தியதாகக் கூறிப் புறத்தார் உள்ளே நுழைந்தனர். மாணவர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். மரபுவழிக் கலையின் சான்றுகளைக் காட்டி மாணவர்கள் எதிர்க்கண்காட்சி வைத்தனர். அதனை மூட மறுத்த பொறுப்புப் புலத்தலைவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். பல்கலைக்கழகத்தின் கூரை கலைக்கு எந்த அளவுக்கு நிழல் தரும் என்பதை அந்நாள்கள் காட்டின. கூரை வேண்டும் என்று உள்ளே வந்த கலை, கூரைக்கு உரியவர் யார் என்று கேட்க வேண்டியதாயிற்று.

சாந்திநிகேதன் 2023இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பெருமைக்குரிய செய்தியே. எனினும், தேவைக்கேற்ப ஆண்டுதோறும் புதிதாய்த் தீட்டப்பட்ட சுவர்கள் இனித் தொடக்கூடாத சுவர்களாகிவிடுமோ என்னும் கவலையும் கூடவே எழுகிறது. காப்பதற்கும் கற்பதற்கும் இடையிலுள்ள இவ்விழுபறிக்கு எளிய தீர்வு இல்லை.

நமக்குரிய பாடம்

தமிழகத்திலும் இவ்வரலாற்றின் கிளைகள் உண்டு. அவனீந்திரரின் மாணவரான தேவிபிரசாத் ராய் சௌதுரி 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியை நடத்தினார். மெரினாவின் உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. அவருக்குப் பின் வந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்தார். அங்கே குடியேறிய கலைஞர்க்குத் தொடக்க ஆண்டுகளில் சோறிட்டவை பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களுமே. தங்கள் ஓவியத்தைச் சந்தையின் விருப்பத்துக்கு விற்காதிருக்க, துணியை விற்றனர். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் எழுத்தும் சாதகக் கட்டமும் கணக்கும் ஓவியமாயின என்பது கவிஞர் அறியவேண்டிய செய்தி. 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் எனத் தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகமும் தோன்றியது.

ஆயினும் நம் தமிழ்த்துறைகளும் கலைக்கல்லூரிகளும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருக்கின்றன. அரங்கேற்று காதையைப் பாடம் சொல்லும்போது, யாழின் நரம்பைப் பற்றிய பகுதியை அரும்பதவுரை கொண்டு கடந்துவிடுகிறோம். மாணவர் பொருள் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். ஒரு நரம்பையேனும் மீட்டியவர் இலர். விபுலாநந்த அடிகளோ தமிழ்ப் பேராசிரியராயிருந்தும் கணக்கையும் இசையையும் இலக்கியத்தையும் ஒருங்கே கொண்டு ஆய்ந்து 1947இல் யாழ்நூலைத் தந்தார். அவ்வழியில் பின்சென்றோர் மிகச் சிலர். சொல்லை மட்டுமே அறிந்தவன் சொல்லையும் முழுதாய் அறியான் என்பதே மார்க்கண்டேயர் விடையின் மறுதலை.

கவிஞர் இரவீந்திரர் அறுபது அகவையைக் கடந்தபின் ஓவியரானார். கவிதைப் படியில் அடித்த சொற்களை இணைத்து இணைத்து அவர் இட்ட கோடுகளே அவ்வோவியங்களின் தோற்றுவாய். 1930இல் பாரிசில் அவற்றின் முதற்காட்சி நடந்தது. வேண்டாமென்று அடித்த சொல்லும் வேறோர் ஊடகத்தில் உயிர்பெற்றது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் இதுகாறும் சொல்லை நன்கு போற்றி வந்துள்ளது. அடுத்த பத்தாண்டுக்கு ஒரு வேண்டுகோளை மட்டும் முன்வைக்க விரும்புகிறேன். ஆண்டு விழாவின் பந்தலை வாடகைக்கு எடுப்பதை விடுத்து, ஓராண்டேனும் உறுப்பினர் கைகளால் அமைப்போம். வாயிற்கோலத்தை இடும் பெண்மணியையும், குடம் வனையும் குயவரையும், தறியில் அமரும் நெசவாளரையும் அழைத்து, அவர் எதிரே மாணவராய் அமர்ந்து ஒரு பொழுது கற்போம். கவியரங்கம் அதன்பின் தொடங்கட்டும். ஹரிபுராவின் வழியோரத்தில் உழவர் நின்று பார்த்த ஓவியங்களைப் போல, நம் கவிதைகளும் அவ்வழியே நடப்போர் நின்று படிக்குமாறு தட்டிகளில் தொங்கட்டும். அவற்றை எழுதும் கை நம்முடையதாகவே இருக்கட்டும்.